பெயரின் மேல் விழுந்த கோடு

தேர்தல் கடமைக் கடிதம் அலுவலகத்துக்கு வந்த அன்று மத்தியானச் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதற்கு முன்பும் நான்கைந்து தேர்தல்களில் வேலை செய்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் நான் விரலுக்கு மை பூசுகிறவள், அல்லது சீட்டுக்கு முத்திரை குத்துகிறவள். பிழை வந்தால் நிமிர்ந்து பார்க்க மேலே ஒருவர் இருப்பார். இந்த முறை பிரதேச சபை, மாநகர சபை என்று எல்லாவற்றுக்கும் ஒன்றாக நடந்த தேர்தலில், ஒரு வாக்கெடுப்பு நிலையத்துக்கு நானே பொறுப்பு என்று எழுதியிருந்தது. நிர்வாக உத்தியோகத்தராகப் பதவி உயர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து உடுவிலில். நான் சிறுமியாக இருந்தபோது தேர்தல் என்ற சொல்லையே வீட்டில் மெல்லமாகத்தான் சொல்வார்கள். அப்பா ஆசிரியர். ஒருமுறை அவருக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. அதே கிழமை சந்தி மின்கம்பத்தில், தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று எழுதிய ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. போனால் காகிதம் ஒட்டியவர்கள் வருவார்கள், போகாவிட்டால் ஆமிக்காரர் வருவார்கள். அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தா. வாசல் படலையில் வேப்பங்கொப்பு கட்டி, வீட்டில் அம்மாள் வருத்தம், கொப்பளிப்பான் என்று அயலுக்குச் சொல்லிவிட்டா. உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லாமல் அப்பா மூன்று நாள் பாயில் கிடந்தார். இரண்டாம் நாள் ஒரு ஜீப் வந்து படலையடியில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்தார்கள், ஏதோ கதைத்தார்கள், திருப்பிக்கொண்டு போனார்கள். நான் அப்பாவின் பக்கத்தில் படுத்திருந்தேன். அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது பாய் வழியாக எனக்குக் கேட்டது.

அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். உடம்புக்குத் தெரிவதில்லை.

"மெடிக்கல் ஒண்டு குடுத்துப்போட்டு வீட்டிலை நில்லுமன்," என்றார் கணவர். "உமக்கு ஏன் உந்தத் தலையிடி?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் காய்ச்சல் இல்லாமல் படுத்துக் கிடப்பதை நினைக்க அப்பாவின் அந்த மூன்று நாள் நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. போனேன்.

எனக்குக் கிடைத்தது குருநகரைத் தாண்டிக் கடலோரமாக இருந்த ஒரு சிறிய பாடசாலை. முதல் நாளே பெட்டியும் சீட்டுக்களும் எடுத்துக்கொண்டு, இரண்டு பொலிஸ்காரருடன் பஸ்ஸில் போய் இறங்கினோம். என்னுடன் ஆறு பேர் வேலைக்கு. வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பைப் பார்த்து, இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசித்து, பெயரின் மேல் கோடு கீறும் வேலை ஒரு வயதான எழுதுவினைஞருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வேறொரு அலுவலகத்தில் இருந்து வந்தவர். ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்தது. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அதை எடுத்துப் போட்டதை நான் காணவில்லை. கேட்டிருக்கலாம். வயதில் மூத்தவரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

காலையில் வெறும் பெட்டியைக் கட்சி முகவர்களுக்குக் கவிழ்த்துக் காட்டி, பூட்டி, முத்திரை வைத்தோம். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசை வாசல் மதில் வரை போயிருந்தது. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். சிலரிடம் வாக்காளர் அட்டை இருக்கவில்லை. அது கட்டாயம் இல்லை, அடையாள அட்டை போதும். அப்படி வந்தவர்கள் பெயரைச் சொல்ல, அண்ணை இடாப்பில் தேடி வாசித்தார். வரிசை நீளமாக இருந்ததால் வேகமாக வாசித்தார். அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் என் கண் முழுக்கப் பெட்டியின் மேல்தான் இருந்தது.

பதினொரு மணி இருக்கும். வரிசை குறைந்திருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வந்தா. புதுச்சேலை, மடிப்புக் கலையாமல். அடையாள அட்டையை ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்தா. வாசலில் நின்ற பொலிஸ்காரரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு வந்து, கைலேஞ்சியை மெல்ல அவிழ்த்து அட்டையை அண்ணையிடம் நீட்டினா. வாக்காளர் அட்டையும் கூடவே இருந்தது.

அண்ணை இடாப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து கிட்டப் பார்த்தார்.

"நீங்கள் போட்டிட்டியள்தானே அம்மா?"

"என்னது?"

"உங்கடை பேருக்குக் கோடு கீறிக் கிடக்கு. வோட்டுப் போட்டாச்சு."

"நான் இப்பத்தானே வாறன்," என்றா அவ. குரல் கீச்சிட்டது. இடது கைச் சின்ன விரலை நீட்டிக் காட்டினா. மை இல்லை. உப்பும் வெயிலும் வெடிக்க வைத்த விரல்.

எதிர் வாங்கில் இருந்த முகவர்கள் எழும்பிவிட்டார்கள். "கள்ள வோட்டு!" என்று ஒருவர் கத்தினார். மற்றக் கட்சிக்காரர் அவரைப் பார்த்து, "உங்கடை ஆக்கள்தான் செய்திருப்பினம்," என்றார். யாரோ வெளியே போய்ச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் படலையடியில் ஆண்கள் கூடி நின்று சத்தம் போட்டார்கள். பொலிஸ்காரரில் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆளை விசாரித்து, உறுதிமொழி எழுதி வாங்கி, வேறு நிறத்தில் இருக்கும் ஒரு சீட்டைக் கொடுக்க வேண்டும். அவர் அதில் புள்ளடி போட்டு வாக்களித்ததும் அதைப் பெட்டிக்குள் போடக் கூடாது. நானே வாங்கி, பெயரும் இலக்கமும் எழுதி, தனி உறையில் வைக்க வேண்டும். வழக்கு ஏதும் வந்தால் நீதிமன்றம் அந்த உறையைப் பிரிக்கும். வழக்கு இல்லையென்றால் அந்தச் சீட்டை எண்ணுவதே இல்லை.

உறுதிமொழித் தாளை இரண்டு தரம் எழுத வேண்டியிருந்தது. அவ அந்தப் பச்சைச் சீட்டை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போய், நெடுநேரம் நின்று, நான்காக மடித்துக்கொண்டு வந்தா. பெட்டியை நோக்கிப் போனவவை நான் மறித்தேன்.

"அக்கா, அதை என்னட்டைத் தாங்கோ."

"பெட்டிக்குள்ளை போடுறேல்லையே?"

"இது வேறை. நான் கவரிலை வைக்கிறன்."

அவ சீட்டைத் தந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. "ரீச்சர்," என்றா. பாடசாலை என்பதால் என்னை ஆசிரியை என்று நினைத்திருக்க வேண்டும். "இது என்ரை முதல் வோட்டு. இதையும் எண்ணுவினம்தானே?"

வெளியே சத்தம் கூடிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் அவ அங்கேயே அழுவா, அழுகை படலைக்குப் போகும், அங்கிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.

"ஓம்," என்றேன்.

அவ போய்ப் படலையடியில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னா. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது. நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். பாதியை ஒரே மூச்சில் குடித்தேன்.

மூன்று மணிக்கு ஆட்கள் வருவது அநேகமாக நின்றுவிட்டது. நான் இடாப்பை எடுத்து, எத்தனை பேர் மிச்சம் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கம் தள்ளி அதே பெயர் இருந்தது. அந்தப் பகுதியில் பலருக்கும் இருக்கக்கூடிய ஒரு புனிதையின் பெயர். முன்னெழுத்தும் ஒன்றுதான். வீட்டு இலக்கம் மட்டும் வேறு. அந்தப் பெயரின் மேல் கோடு இல்லை.

அண்ணையை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். அவர் இடாப்பைப் பார்த்தார். இப்போதுதான் கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"விடிய வந்த ஒரு பிள்ளை," என்றார். "கார்ட் கொண்டு வரேல்லை. பேரைத்தான் சொன்னது. நான் முதல் கண்ட பேரைக் கீறிப்போட்டன். ஐடி நம்பரை ஒத்துப் பாக்கேல்லை மிஸ். சனம் நெரிஞ்சுகொண்டு நிண்டது."

ஆக, யாரும் கள்ள வாக்குப் போடவில்லை. வந்தவ தன் வாக்கைத்தான் போட்டிருக்கிறா. கோடு மட்டும் மற்றவவின் பெயரில் விழுந்துவிட்டது.

"மிஸ்," என்று அண்ணை என் கையைப் பிடிக்க வந்து, பிறகு பிடிக்காமல் தன் கைகளையே பிசைந்தார். "எனக்கு ரெண்டு மாசத்திலை பென்சன். விசாரணை எண்டு வந்தால் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவாங்கள். மனிசி வருத்தக்காரி."

குறிப்பேட்டில் நான் எழுதிய வசனம் இன்றும் மனப்பாடம். 'மேற்படி வாக்காளரின் பெயரின் மேல் ஏற்கனவே கோடு கீறப்பட்டிருந்தமை காணப்பட்டதால் விதிப்படி வேறு சீட்டு வழங்கப்பட்டது.' அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. உண்மையும் இல்லை. பொழுது சாயமுன் பெட்டியையும் அரக்கு வைத்த உறைகளையும் எண்ணும் நிலையத்தில் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கினேன். அந்த வட்டாரத்தில் வென்றவர் நல்ல வித்தியாசத்தில் வென்றார் என்று அடுத்த நாள் கேள்விப்பட்டபோது, கோயில் கும்பிட்டு வந்தது போல ஒரு ஆறுதல் வந்தது. ஒரு வாக்கால் எதுவும் மாறவில்லை. வழக்கு வராது. உறை திறக்கப்படாது.

இரண்டு கிழமை கழித்து, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒருவர் என்னைக் கண்டு சிரித்துக்கொண்டு வந்தார். அன்று முதலில் கத்திய முகவர்.

"மிஸ், தெரியுதே? அந்தக் கள்ள வோட்டுக்காரியைப் பிடிச்சிட்டம்."

எனக்கு முதுகு குளிர்ந்தது. "ஆர்?" என்றேன்.

"உங்கை பக்கத்து ஒழுங்கையிலை அதே பேரிலை இன்னொருத்தி இருக்கிறாள். ரெண்டு பேரும் ஒண்டாக் கருவாடு போடுறவை. சனம் இவையைப் பெரியவள், சின்னவள் எண்டுதான் சொல்லுறது. சின்னவள்தான் பெரியவளின்ரை பேரிலை போட்டிருக்கிறாள். பிறகு தன்ரை பேரிலையும் போட வர இருந்தவள், பிரச்சினை எண்டோடனை பயத்திலை வரேல்லை. இப்ப ஒருதரும் அவளோடை கதைக்கிறேல்லை. பொழுதுபட்டால் கூரைக்குக் கல் விழுது." சிரித்தார். "நல்லா வேணும்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சொன்னால் உமக்குத்தான் வில்லங்கம்," என்றார். பிறகு, "சொல்லாட்டில் அந்த மனிசிக்கு," என்றார். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கெஞ்சினார். "பென்சன் வரட்டும் மிஸ். அதுக்குப் பிறகு என்ன வேணுமெண்டாலும் எழுதுங்கோ. ஒண்டரை மாசம் பொறுங்கோ." ஒன்றரை மாதத்தில் எத்தனை கல் என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. கோடு கீறியது அவர் என்றாலும் பார்த்திருக்க வேண்டியது நான் என்றே எழுதுவேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டேன். அஞ்சல் அலுவலகத்துப் பெண் முத்திரையை ஓங்கிக் குத்தியபோது, இனித் திருப்பி எடுக்க முடியாது என்பது உறைத்தது. அந்தச் சனிக்கிழமையே அந்தக் கடற்கரைக்குப் போனேன். கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, கோயில் மதிலோரம் நின்றுகொண்டார்.

பச்சைச் சீட்டில் வாக்களித்த பெரியவ முற்றத்தில் மீன் பிளந்துகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினா. பயந்துவிட்டா என்பது தெரிந்தது. நானும் பயந்துபோய்த்தான் நின்றேன். உட்காரச் சொன்ன கதிரையில் நுனியில் இருந்துகொண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கோடு பிழையாக விழுந்ததை. அந்தச் சீட்டை எண்ணவில்லை என்பதை. நான் 'ஓம்' என்று சொன்னது பொய் என்பதை.

அவ கேட்டது வேறு ஒன்று.

"அப்ப என்ரை பேரை எடுக்கேல்லையே?"

"எங்கையிருந்து?"

"இடாப்பிலையிருந்து. கோடு கீறி வெட்டினதெண்டால் எடுத்தாச்செண்டுதானே கருத்து?"

மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது. சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவ அவ. முகாமில் நெடுங்காலம் இருந்து திரும்பி வந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை. கிராம அலுவலரிடமும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்திலும் ஏறி இறங்கி, கடைசியில் கோயிலில் இருந்த பழைய ஞானஸ்நானப் பதிவால்தான் எல்லாம் சரிவந்திருக்கிறது. இடாப்பில் பெயர் வந்ததே அந்த வருடம்தான். அன்று அதன் மேல் கோட்டைக் கண்டதில் இருந்து, தன்னை நாட்டில் இல்லாதவளாக்கிவிட்டார்கள், யாராவது வந்து திரும்பக் கேட்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. வாக்கு எண்ணப்பட்டதா இல்லையா என்பது அவவின் பயத்தில் பின்வரிசையில்தான் இருந்தது.

"அது அந்த ஒரு நாளைக்குக் கீறுற கோடு அக்கா. வோட்டுப் போட வந்த எல்லாற்றை பேரிலையும் கிடக்கு. என்ரை பேரிலையும் இப்பிடித்தான் கீறுவினம். உங்கடை பேர் அப்பிடியே இருக்கு."

அவ சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. பிறகு கோபம் வந்தது. "உதை அண்டைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே ரீச்சர்? இவ்வளவு நாளும் நான் செத்துச் செத்துப் பிழைக்கிறன்." பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது போல வாயைப் பொத்தினா. "ஐயோ, அப்ப சின்னவள்?"

இருவருமாகப் பக்கத்து ஒழுங்கைக்குப் போனோம். சின்னவவின் வீட்டுக் கதவு பட்டப்பகலில் உள்ளே பூட்டியிருந்தது. தட்டினோம். "ஆர்?" என்று கேட்ட குரல், பெரியவவின் குரலைக் கேட்டதும் அடங்கிவிட்டது. கடைசியில் ஒரு சாண் திறந்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கூரை அஸ்பெஸ்டஸ் தகட்டில் இரண்டு இடம் உடைந்து, பொலித்தீன் போட்டு மூடியிருந்தது. எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. நான் சொன்னதை வாசலில் நின்றே கேட்டா.

"நான் என்ரை பேரைத்தான் சொன்னனான்," என்றா. "அந்த ஐயாதான் நம்பர் வாசிச்சவர். எனக்கென்ன தெரியும்? இதை நான் எத்தினை பேருக்குச் சொன்னன். இவ கூட நம்பேல்லை." பெரியவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம் ரீச்சர்? நாளைக்குப் பூசை முடியக் கோயில் முற்றத்திலை வந்து சனத்துக்குச் சொல்லுங்கோ. சொல்லுவியளோ?"

கடிதம் எழுதுவது வேறு. அலுவலகக் கூட்டத்தில் நன்றியுரை சொல்லக்கூட எழும்பாதவள் நான். படலையடியில் சத்தம் போட்ட அந்த ஆண்களின் முகங்கள் கண்ணுக்குள் வந்தன. மேலிடத்தில் கேட்காமல் இப்படிப் பேசலாமா என்றும் தெரியாது. ஓம் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அவவின் முகத்தைப் பார்த்தேன். அதை அவ நம்பவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து சனம் முற்றத்துக்கு வந்தது. முதல் நாளே நான் கேட்டிருந்தபடி பாதர் எல்லோரையும் நிற்கச் சொன்னார். நான் கோயில் படியின் கடைசிப் படியில் நின்றேன். மேல் படிக்கு ஏறவில்லை. எழுதிக்கொண்டு போன தாள் வியர்வையில் ஊறி மை பரவியிருந்தது. வாசிக்க முடியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். யாரும் கள்ள வாக்குப் போடவில்லை, பெயர் ஒன்றாக இருந்ததால் கோடு மாறி விழுந்தது, பொறுப்பு என்னுடையது, சின்னவ தன் வாக்கை மட்டும்தான் போட்டவ. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள், "என்னவாம்?" என்று கேட்டார்கள். திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன்.

பஸ் நிலையத்தில் சிரித்த அந்த முகவர் முன்னுக்கு வந்தார். இப்போது சிரிக்கவில்லை.

"அண்டைக்கே தெரியுமோ உங்களுக்கு?"

"பின்னேரம் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

ஒழுங்கான மறுமொழி ஒன்றை இரவு முழுக்கத் தேடி வைத்திருந்தேன். அது வரவில்லை.

"பயந்துபோனன்," என்றேன்.

ஒரு வயதான மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கூட்டம் மெல்லக் கலைந்தது. சின்னவ எவரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தா. பெரியவ பின்னால் கொஞ்சத் தூரம் போய், நின்றுவிட்டா. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் வந்து, "வாரும் போவம்," என்று சொல்லும் வரை கையை எடுக்கவில்லை.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விசாரணைக்குப் போன இடத்தில் இருந்த அதிகாரி என் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "உங்களை ஒருதரும் கேட்கேல்லையே, ஏன் எழுதினனீங்கள்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார் போல இருந்தது. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு எனக்கு முடிந்தது. அண்ணையின் ஓய்வூதியம் ஒரு மாதம் பிந்தித்தான் வந்ததாம். என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

பிறகு ஒருநாள் பெரியவவிடமிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு பேரும் இன்னும் தனித்தனியாகத்தான் கருவாடு போடுகிறார்களாம். சின்னவ தண்ணீர்ப் பைப்படியில் கண்டால் தலையாட்டுவாவாம், கதைப்பதில்லையாம். "நான் நம்பாமல் விட்டது அவளுக்கு ஆறேல்லை ரீச்சர். ஆறுமட்டும் நான் பொறுத்திருக்கத்தானே வேணும்," என்றா.

கல் விழுவது நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"ஓம், அது நிண்டிட்டுது," என்றா. "ஆனா பொழுதுபட்டால் அவள் இப்பவும் லைற்றை நூத்துப்போட்டு இருட்டுக்குள்ளைதான் இருக்கிறாள்."